வீட்டு நாஸ்: பல வருடம் ஓடிய பின் எது முக்கியமாகத் தெரிகிறது

இரண்டு டிஸ்க் போடும் சின்ன நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் கோப்புக் கிடங்கு) சில வருடம் நிற்காமல் ஓடிய பிறகு, வாங்கும்போது மண்டையை உடைத்துக்கொண்ட பாதி விஷயங்கள் பொருட்டாகவே தெரிவதில்லை. ராம் எவ்வளவு, எத்தனை ஆப் வரும் என்பதெல்லாம் அந்த ரகம். பட்ஜெட் குறைவு என்றால் பெட்டியில் மிச்சம் பிடியுங்கள், டிஸ்க்கில் பிடிக்காதீர்கள்.

டிஸ்க் வாங்கும் முன் அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துவிடுங்கள். இவை தரவை எழுதும் இரண்டு முறைகள். சிஎம்ஆரில் தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாட்களில் இது வெளியே தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதைப் போட்டு ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு) மறுகட்டமைப்பு, அதாவது புது டிஸ்க்கில் தரவைத் திரும்ப நிரப்பும் வேலை, ஓடும்போதுதான் தெரியும். மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதியதும் வேகம் தரைதட்டும். சில சமயம் நாஸ் அந்தப் புது டிஸ்க்கையே பழுது என்று வெளியே தள்ளிவிடும். 'நாஸுக்கானது' என்ற லேபிளை மட்டும் நம்பக் கூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையுள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

4 டிபி டிஸ்க் 3.63 என்று காட்டினால் பதற வேண்டாம், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம். ரெய்டு 1-ல் ஒரே தரவு இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படுவதால், இரண்டு போட்டாலும் கிடைப்பது அதே 3.63தான்.

கிகாபிட் இணைப்பில் பெரிய கோப்புகள் நொடிக்குச் சுமார் 110 எம்பி வேகத்தில் போகும். 1 டிபிக்கு இரண்டரை மணி நேரம். ஆயிரக்கணக்கான சின்னப் புகைப்படங்கள் என்றால் இன்னும் மெதுவாகும். வேகம் 11 எம்பியிலேயே நிற்கிறதா? இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) இறங்கியிருக்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, வேகம் மட்டும் விழும். கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு ரௌட்டரின் போர்ட்டைப் பாருங்கள்.

படம் பார்க்கப் பெரிய பிராசஸர் வேண்டும் என்பது பாதி உண்மை. டிவியே அந்த வடிவத்தைப் படித்துவிட்டால் நாஸ் கோப்பை அனுப்புவதோடு சரி. ஏஆர்எம் (ஃபோனில் இருக்கும் ரகம்) சிப் தாராளம். டிவிக்குப் புரியாத கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வந்தாலோ, பட வடிவ சப்டைட்டிலைக் காட்சியிலேயே பதிக்க வேண்டியிருந்தாலோதான் டிரான்ஸ்கோடிங், அதாவது நாஸே வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை. அதற்கு இன்டெல் குவிக்சிங்க் (வீடியோ மாற்றத்துக்கான தனிப் பகுதி) உள்ள சிப்பும், ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா மென்பொருளும் போதும். 4கே ப்ளூரே கோப்பு திணறினால் நாஸைத் திட்டும் முன் டிவியின் ஈதர்நெட் போர்ட்டைப் பாருங்கள்: பல டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்தான், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

இனி முக்கியமானது. ரெய்டு 1 பேக்கப் அல்ல. தவறி அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே கணத்தில் போய்விடும். தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போகக்கூடிய, அந்த நேரத்துக் கோப்புகளின் நிலைப் பதிவு) ஓடட்டும். அதற்காகவே பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை தரும் பெட்டியாகப் பாருங்கள். ரௌட்டரில் போர்ட் திறந்து நாஸை இணையத்தில் விடவே விடாதீர்கள். 2021-ல் க்யூலாக்கர் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பாஸ்வேர்ட் போட்ட 7ஜிப் ஆவணங்களாகப் பூட்டியது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான இணைப்பு) வழியாக வாருங்கள்.

யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகினால்தான் பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக அணையும்; பலர் கரண்ட் கேபிளோடு நிறுத்திவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (டிஸ்க்கிலுள்ள எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி, டிஸ்க் தன் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 எண்களை, அதாவது பழுதான பகுதிகளின் கணக்கை, பாருங்கள். அவை ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரம். 199 (தரவு பரிமாற்றப் பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு.

கடைசிப் பிரதிக்கு ஒரு யுஎஸ்பி டிஸ்க்: வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றி வையுங்கள். இதை நாஸ் நிறுவனத்தின் சொந்த பேக்கப் வடிவில் எடுத்தால், பெட்டி செத்த அன்று அவர்களின் மென்பொருள் இல்லாமல் திறக்காது. எல்லாக் கணினியும் படிக்கும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் வெறும் கோப்புகளாகவே நகலெடுங்கள். பிறகு வேறொரு லேப்டாப்பில் செருகி, பழைய வீடியோ ஒன்றைக் கடைசி நிமிடம் வரை ஓடவிட்டுப் பாருங்கள்.