லீவு ட்ரிப்புக்கு எத்தனை மெமரி கார்டு? சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது கேனான் 200டி மார்க் 2. 24 மெகாபிக்சல், கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட். இதற்கு நான் வைத்திருப்பவை நாலு சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ 64 ஜிபி கார்டு, அவசரத்துக்கு ஒரு பழைய 32 ஜிபி, ஒரு யுஎஸ்பி ஹப், ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டி (படங்களைப் பிரதி எடுத்து வைக்கும் கையடக்க டிரைவ்). மே மாத லீவில் மைசூர், குடகு, வயநாடு என்று குடும்பத்தோடு கிளம்புவதும், நடுவில் தீர்த்தமலையில் காதுகுத்து, ஒகேனக்கல்லுக்குச் சொந்தக்காரர்களை அழைத்துப் போவது என எல்லாமே சில வருஷங்களாக இந்தச் செட்டில்தான் ஓடுகிறது. தர்மபுரியில் கேமரா வாங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸ் பற்றி. நான் முதலில் பேசுவது கார்டு பற்றி. லென்ஸ் சுமாராக இருந்தாலும் படம் கையில் இருக்கும். கார்டு போனால் ட்ரிப்பே போன மாதிரி.

என் ஏற்பாடு இவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஒரு கார்டு, வீடு திரும்பும்வரை எந்தக் கார்டையும் அழிப்பதில்லை. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஒரே 256 ஜிபி கார்டாக வாங்கிப் போட்டுவிட்டால் மாற்றும் வேலையே இருக்காதே என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். "ஏன் தம்பி, ஊருக்குப் போறப்ப பணம் மொத்தத்தையும் ஒரே பாக்கெட்லயா வச்சுக்குவ? மேல் பாக்கெட்ல கொஞ்சம், பெட்டியில கொஞ்சம், வீட்டுல அவங்ககிட்ட கொஞ்சம் குடுத்து வைப்பல்ல?" என்றார். இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுத வைக்கலாம். என் கேமராவில் அந்த வசதி இல்லை. அதனால் ஒரு கார்டு கெட்டாலும் தொலைந்தாலும் ஒரு நாள் படம் மட்டும் போகும்படி பிரித்து வைப்பதுதான் எனக்கு இருக்கும் பாதுகாப்பு.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? இதைக் கூகுளில் தேடுவதைவிட, ட்ரிப்புக்கு முன்னால் பக்கத்தில் ஒரு நாள் போய் எடுத்துப் பார்ப்பது நல்லது. நமக்கு ஒகேனக்கல் இருக்கிறது, பென்னாகரம் வழியாக ஒன்றேகால் மணி நேரம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தென்பெண்ணை அணையும் ராயக்கோட்டை மலையும் இருக்கின்றன. ஒகேனக்கல்லைச் சொல்வதற்குக் காரணம், அங்கே எல்லா வகை எடுப்பும் ஒரே நாளில் வந்துவிடும். பரிசல் சுற்றும்போது விடாமல் தொடர் ஷாட், அருவியில் ஸ்லோ ஷட்டர், எண்ணெய் மசாஜ் செய்பவர்களின் கை, மீன் வறுக்கும் கடையில் புகையோடு குளோசப், பிள்ளைகள் அருவியில் குளிப்பதை வீடியோ. அன்றைக்கு எவ்வளவு நிரம்புகிறதோ அதுதான் உங்கள் அளவு.

என் கேமராவில் ஒரு ரா படம் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும், பின்னால் திருத்த வசதியான பைல்) சராசரியாக 28 எம்பி, கூடவே வரும் ஜேபெக் (போனில் பார்ப்பது போன்ற சாதாரணப் படம்) 8 எம்பி. இரண்டும் சேர்த்து எடுத்தால் ஒரு படத்துக்கு 36 எம்பி. 64 ஜிபி கார்டில் 1,700 படத்துக்கு மேல் பிடிக்கும். வீடியோதான் இடத்தை விழுங்கும். 4கே-யில் இந்தக் கேமரா விநாடிக்கு 120 மெகாபிட் எழுதுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் விநாடிக்கு 15 எம்பி, நிமிடத்துக்கு 900 எம்பி. முழு 64 ஜிபி-யும் ஒரு மணி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே வீடியோவை ஃபுல் எச்டி 25 பிரேமில், விநாடிக்கு 30 மெகாபிட்டில் எடுத்தால் நாலரை மணி நேரம் தாண்டி ஓடும். ஒகேனக்கல் மாதிரி ஒரு நாளில் நான் நானூறு, ஐநூறு படமும் இருபது நிமிடம் 4கே-யும் எடுப்பேன். படத்துக்கு 18 ஜிபி, வீடியோவுக்கு 18 ஜிபி, ஆக 36. ஒரு 64 ஜிபி கார்டில் தாராளமாக அடங்கும், ராத்திரி ஏதாவது விசேஷம் என்றாலும் இடம் இருக்கும். 32 ஜிபி-யாக இருந்தால் மூன்று மணிக்கே கை நடுங்க ஆரம்பிக்கும், எதை அழிக்கலாம் என்று மனசு போகும். வெயிலில் சின்னத் திரையைப் பார்த்துப் படம் அழிப்பதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை.

பெட்டியில் 64 என்று போட்டிருந்தாலும் கம்ப்யூட்டரில் 59.6 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் போடுகிறது. இடம் இன்னும் வேண்டுமென்றால் மெனுவில் சி-ரா என்று ஒன்று உண்டு, சுருக்கிய ரா. சாதாரண ராவைவிட 40 சதவீதம் அளவுக்குச் சிறியது. பயணப் படங்களுக்கு நான் இப்போது அதையே வைத்திருக்கிறேன், திருத்தும்போது எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

கார்டு மேலே உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது. பெரிதாக 200 எம்பி என்று அச்சடித்திருப்பது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைப் பெட்டியின் பின்னால் சின்னதாகப் போட்டிருப்பார்கள், என் கார்டுக்கு 90. வீடியோவுக்குப் பார்க்க வேண்டியது வி30 என்ற குறி. எந்த நேரத்திலும் விநாடிக்கு 30 எம்பி-க்குக் குறையாமல் எழுதும் என்று அதற்கு அர்த்தம். என் 4கே-க்கு 15 போதும் என்பதால் வி30 இரட்டிப்புத் தெம்பு. வி60, வி90 கார்டுகளில் பின்பக்கம் இரண்டாவது வரிசை முனைகள் இருக்கும், அது யுஎச்எஸ்-2, கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே தரவு போகும் வேகமான வழி. என் கேமரா யுஎச்எஸ்-1 தான், ஆகவே அந்த விலை எனக்கு வீண்.

வேகத்தின் அருமை பரிசலில்தான் புரியும். பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்திச் சுழற்றுகிறார், பிள்ளைகள் கத்துகிறார்கள், நான் பட்டனை அழுத்திப் பிடிக்கிறேன். பத்து ரா படம் என்றால் 280 எம்பி. பழைய கிளாஸ் 10 கார்டு விநாடிக்கு 20 எம்பி எழுதினால் பதினாலு விநாடி சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். புதிய கார்டில் நாலைந்து விநாடியில் அணைகிறது. அந்தப் பத்து விநாடிக்குள் இன்னொரு சுற்றே வந்து போய்விடும்.

பரிசலைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தக் கேமராவில் கார்டு ஸ்லாட் அடியில், பேட்டரி இருக்கும் அதே கதவுக்குள் இருக்கிறது. கார்டு மாற்றக் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக் கதவைத் திறந்தால் பேட்டரி, முனைகள் எல்லாம் வாய் திறந்து நிற்கும். அருவிச் சாரல் அடிக்கும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. பரிசல் துறையில் ஏறுமுன் மாற்றிவிட வேண்டும். ட்ரைபாட் பிளேட் கொஞ்சம் அகலமாக இருந்தால் அந்தக் கதவே திறக்காது, பிளேட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். காலையில் காலி கார்டோடு கிளம்புங்கள் என்று நான் வற்புறுத்த இதுவும் ஒரு காரணம்.

போலி கார்டு பற்றி. என் மச்சான் ஒருமுறை பாதி விலைக்கு 256 ஜிபி என்று ஒன்றை வாங்கி வந்தார். "மாமா, நீங்க நாலு கார்டு சுமக்கறதுக்கு இது ஒண்ணே போதும்" என்று நீட்டினார். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் போட்டேன். அது கார்டு முழுக்கத் தரவை எழுதி, அப்புறம் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 30 ஜிபி-யைத் தாண்டியதும் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை. உள்ளே இருப்பது 32, வெளியே 256 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால் கேமரா எந்தப் புகாரும் சொல்லாது, படம் எடுத்துக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்து திறந்தால்தான் தெரியும். எங்கே வாங்கினாலும் புதுக் கார்டை இந்தச் சோதனைக்குப் போடாமல் ட்ரிப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று இதே வேலை செய்யும் மென்பொருள் இருக்கிறது.

கார்டுகளை வைக்கக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஒவ்வொரு கார்டிலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4. லேபிள் மேலே தெரிந்தால் காலி, கவிழ்ந்திருந்தால் நிரம்பியது. நிரம்பியதும் ஓரத்தில் உள்ள லாக் சுவிட்சைக் கீழே தள்ளிவிடுவேன். அந்தச் சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக் துண்டு, கார்டுக்குள் எதையும் அது பூட்டுவதில்லை. அதன் நிலையைக் கேமரா பார்த்துவிட்டு எழுத மறுக்கிறது, அவ்வளவுதான். நாளாக ஆக அது தளர்ந்து, செருகும்போது தானாகவே கீழே நகரும். கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று கேமரா அடம்பிடித்தால் அந்த இடத்தில் மெல்லிய செல்லோடேப் ஒட்டினால் வேலை நடக்கும். ஆனால் அந்தக் கார்டை அடுத்த ட்ரிப்புக்கு நம்ப வேண்டாம். இன்னொரு பழக்கம், ஒவ்வொரு கார்டிலும் முதல் படமாக என் போன் நம்பர் எழுதிய தாளை எடுத்து வைப்பது. மடிக்கேரியில் தங்கிய இடத்தில் விழுந்துவிட்டால் எடுத்தவருக்குக் கூப்பிட ஒரு வழி வேண்டுமே.

ராத்திரி வேலை ஒன்று உண்டு. அறைக்கு வந்ததும் அன்றைய கார்டு எஸ்எஸ்டி-க்குப் பிரதி ஆக வேண்டும். லேப்டாப் தூக்கிப் போவதை நிறுத்திவிட்டேன். கார்டு ஸ்லாட்டும் சார்ஜர் போடும் வசதியும் உள்ள ஒரு யுஎஸ்பி-சி ஹப்பைப் போனில் செருகி, கார்டையும் எஸ்எஸ்டி-யையும் அதிலேயே மாட்டினால் போனின் பைல் மேனேஜரே நகலெடுக்கும். சார்ஜர் மாட்டாமல் செய்தால் எஸ்எஸ்டி போனின் பேட்டரியைக் குடித்துவிடும். ஹப் யுஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். 36 ஜிபி அதில் ஏழெட்டு நிமிடம். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் இருபது நிமிடத்துக்குக் குறையாது, பசியோடு இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது பெரிய நேரம். நகலெடுத்த பின் கடைசிச் சில படங்களையும் ஒரு வீடியோவையும் எஸ்எஸ்டி-யிலிருந்தே திறந்து பார்ப்பேன். அப்புறம் எஸ்எஸ்டி ஒரு பையில், கார்டு டப்பா இன்னொரு பையில்.

இங்கே ஒரு சின்ன அமைப்பு மிக முக்கியம். கேமரா மெனுவில் பைல் எண்ணைத் தொடர்ச்சியாக வையுங்கள். கார்டு மாற்றும்போதெல்லாம் எண் 0001-இல் தொடங்கும்படி இருந்தால் நாலு கார்டிலும் ஒரே பெயரில் படங்கள் இருக்கும். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். நாளுக்கொரு ஃபோல்டர் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அக்கா பையன் ஒருமுறை கேமராவை வைத்து விளையாடி கார்டையே ஃபார்மேட் செய்துவிட்டான். அக்கா முகம் வெளுத்துவிட்டது, "தம்பி, எல்லாம் போச்சாடா?" என்றாள். போகவில்லை. சாதாரண ஃபார்மேட்டில் அழிவது படங்களின் பட்டியல்தான், படங்கள் அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை அப்படியே கிடக்கும். உடனே கார்டை வெளியே எடுத்து, லாக் போட்டு, வீட்டுக்கு வந்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் மீட்டோம். பழைய பைல் பெயர்கள் திரும்பாது, எண்களாகத்தான் வரும், எடுத்த தேதியை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். அன்றைக்குக் கையில் வேறு காலிக் கார்டு இருந்ததால்தான் அந்தக் கார்டைத் தொடாமல் இருக்க முடிந்தது.

நீண்ட காலத்தில் என்ன தாங்கியது, என்ன தாங்கவில்லை? மே மாதத்து வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்டி கார்டுகள் 85 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுபவை, பேட்டரிதான் பாவம். கெட்டது ஒரே ஒரு கார்டு, வேறு ஒரு கம்பெனியின் பழைய கார்டு. திடீரென்று சாகவில்லை. முதலில் நகலெடுக்கும்போது நடுவில் நின்று நின்று போனது, அப்புறம் இரண்டு படங்களில் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தது. அதோடு அதை ஒதுக்கிவிட்டேன். இந்த மாதிரி அறிகுறி வந்த கார்டுக்கு ஃபார்மேட் வைத்தியம் பார்த்து இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கார்டின் விலை குடகில் ஒரு ராத்திரி அறை வாடகைகூட வராது.

நிறையப் பேர் கார்டு நிரம்பியதும் பீரோவில் போட்டு வைத்துவிட்டுப் புதுக் கார்டு வாங்குகிறார்கள். அது வேண்டாம். ஃபிளாஷ் மெமரியில் படம் இருப்பது சின்னச் சின்னச் செல்களில் அடைபட்ட மின்னூட்டமாக. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். ஊர் திரும்பிய அந்த வாரமே எஸ்எஸ்டி-யிலிருந்து வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பிரதி, தேர்ந்தெடுத்த படங்கள் கிளவுடுக்கு. இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டுகளைக் கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்கிறேன், கம்ப்யூட்டரில் செய்வதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் நாலு கார்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் 64 ஜிபி வி30 இரண்டு, நல்ல ரீடர் ஒன்று. ஒகேனக்கல்லுக்கு ஒருநாள் போய் வந்து கணக்கைப் பார்த்துவிட்டு, ட்ரிப் எத்தனை நாளோ அதற்கேற்ப மீதியை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாளுக்கு மேல் போகும் ட்ரிப்பென்றால் எஸ்எஸ்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.