கன்வஸ் பையா, நைலோன் பையா: திருகோணமலைக்கு எது தாங்கும்?

தினமும் தோளில் போட்டுக்கொண்டு போகிற பை நாலைந்து வருசமாவது உழைக்க வேண்டும். நம்ம ஊரில் பைக்கு எதிரி பாரத்தைவிட உப்புக்காற்றும் ஈரமும்தான்.

மழை
கன்வஸ்: தண்ணீரைக் குடித்துக் கனக்கும். மாரியில் லேசில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். மெழுகு பூசியது தாங்கும். ஆனால் இடைக்கிடை திரும்பப் பூச வேண்டும்.
நைலோன்: கெதியாகக் காயும். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே பூசிய பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் படலம்தான் பலவீனம். ஈரத்தில் நாள்பட்டால் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். பையை அலுமாரிக்குள் அடைக்காமல் காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள்.

உரசல்
கன்வஸ்: அடிமூலைகள் தேயும், ஆனால் தையற்காரர் துண்டு வைத்துத் தைத்துத் தருவார்.
நைலோன்: டெனியர் என்பது நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு. 500 டெனியருக்குக் குறைந்தால் கனமான புத்தகங்களுக்கு வாங்காதீர்கள். 1000 டெனியர் நல்ல உரம், கொஞ்சம் பாரம்.

சிப்
துணி எதுவானாலும் பை முதலில் சாவது இங்கேதான். உலோகப் பல் உப்பில் கறள் கட்டி இறுகும். சுருள் பிளாஸ்டிக் சிப்பே நல்லது. பூட்டிய பிறகும் பின்னால் பிளந்தால் பல்லில் பிழையில்லை, இழுப்பானின் வாய் விரிந்திருக்கிறது. குறட்டால் இரு பக்கமும் மெதுவாக நெரித்தால் பெரும்பாலும் சரிவரும்.

தோள்பட்டி
கடையிலேயே இழுத்துப் பாருங்கள். தையல் ஓட்டைகள் விரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பட்டி பையோடு சேரும் இடத்தில் சதுரப் பெட்டிபோலத் தைத்து, நடுவில் X போலக் குறுக்காகத் தைத்ததே நிற்கும்.

நிலாவெளிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் மடிக்கணினியோடு வருபவருக்கு நைலோன், மேலே மழையுறை. பஸ்ஸில் வந்து அலுவலகத்துக்குள் இருப்பவருக்குக் கன்வஸ்.