ரசீது உண்மை, டிரஸ்ட் உண்மை, போன பணம் மட்டும் வேறு கணக்கில்: மருத்துவ உதவி கேட்டு வரும் அழைப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை

கோவையில் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவருக்குப் போன் வருகிறது. பேசுவது ஒரு பெண் குரல், மரியாதையான பேச்சு. "ஐயா, நாலு வயசுக் குழந்தை, இதயத்துல ஓட்டை, நாளைக்குக் காலைல ஆபரேஷன், இன்னும் நாற்பதாயிரம் குறையுது" என்கிறார். ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் எல்லாம் வந்துவிடுகிறது: குழந்தையின் படம், மருத்துவமனை எஸ்டிமேட், டிரஸ்டின் பதிவுச் சான்று, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி சான்றிதழ், கடைசியாக ஒரு கியூஆர் கோடு. அவர் கவனமானவர். டிரஸ்டின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கிறார், இருக்கிறது. தொண்டு நிறுவனங்களைப் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்திலும் இருக்கிறது. 5,000 அனுப்புகிறார். மறுநாள் "ஐசியூ நீடிக்குது" என்று இன்னொரு 5,000. மூன்றாம் நாள் மருந்துக்கு 2,000. நான்காம் நாள் அந்த எண் அணைந்துவிட்டது.

பிறகு விசாரித்தபோது தெரிந்தவை: அந்த டிரஸ்ட் உண்மையிலேயே இயங்குகிறது, ஆனால் அழைத்தவர் அவர்களுடைய ஆள் இல்லை. எஸ்டிமேட்டில் இருந்த ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) உண்மையானது, ஆனால் அந்த நோயாளி எப்போதோ டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், பாக்கி எதுவும் இல்லை. கியூஆர் கோடு ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பணம் அனுப்பும்போது திரையில் அந்தத் தனிநபரின் பெயர் தெரிந்திருக்கிறது. "நிர்வாகியோட கணக்கு ஐயா, டிரஸ்ட் கணக்குல லிமிட் முடிஞ்சிடுச்சு" என்ற ஒரு பதிலில் அந்தச் சந்தேகம் அடங்கிவிட்டது.

இந்த மோசடியின் பலம், காட்டப்படும் தாள்களில் பெரும்பாலானவை அசல் என்பதுதான். பதிவு பெற்ற டிரஸ்டின் விவரங்கள் பொதுவில் கிடைப்பவை. சான்றிதழை அவர்களே தங்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள், எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே "80ஜி இருக்கா?" என்ற கேள்வி உங்களைக் காப்பாற்றாது. பணம் யார் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது, சிகிச்சை தரும் இடம் அதை ஒப்புக்கொள்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் கணக்கின் பெயர். ஜிபே, போன்பே எதுவானாலும் பின் நம்பர் போடும் முன் வங்கிப் பதிவில் உள்ள பெயர் திரையில் வரும். டிரஸ்ட் என்றால் டிரஸ்டின் பெயர் வர வேண்டும். நிறுவனர், பொருளாளர், "டாக்டர் கணக்கு", "குழந்தையின் மாமா" எதுவும் ஏற்கத்தக்கதல்ல. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமல் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய முடியாது. லிமிட் முடிந்தது, கணக்கு முடங்கியது என்றால் காசோலையாக டிரஸ்டின் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஏமாற்றுபவர் அங்கேயே அவசரப்படுத்தத் தொடங்குவார்.

பான் எண்ணையும் பாருங்கள். அதன் நான்காவது எழுத்து வைத்திருப்பவரின் வகையைச் சொல்லும்: டிரஸ்டுக்கு டி (T), நிறுவனத்துக்கு சி (C), சங்கம் போன்ற கூட்டமைப்புக்கு ஏ (A), தனிநபருக்கு பி (P). ரசீதில் உள்ள பானின் நான்காவது எழுத்து பி என்றிருந்தால் அது ஒரு மனிதரின் பான். அறக்கட்டளையின் ரசீதில் அதற்கு வேலையே இல்லை.

80ஜி சான்றிதழில் தேதியைப் பாருங்கள். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் காலவரையறை இருக்காது, "ரத்து செய்யும் வரை செல்லும்" என்ற பொருளில் எழுதியிருக்கும். 2021 ஏப்ரல் முதல் அந்த ஏற்பாடு போய்விட்டது. பழைய நிறுவனங்கள் எல்லாமே மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. புதிய ஒப்புதல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது, தற்காலிக ஒப்புதல் என்றால் மூன்றாண்டு, முறையானது ஐந்தாண்டு. 2009லோ 2012லோ வாங்கிய சான்றை மட்டும் நீட்டுகிறவரிடம் "2021க்குப் பிறகு வந்த ஆணையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

ரசீது கொடுத்துவிட்டதாலேயே வரிவிலக்கு கிடைத்துவிடாது. 2021-22 நிதியாண்டு முதல், நிறுவனம் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்ற நடைமுறை வந்தது. நிதியாண்டு முடிந்தபின் மே 31 அதற்கான கடைசி நாள். பட்டியலில் சேர்க்க உங்கள் பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண் வேண்டும். அதைக் கேட்காமலே "80ஜி ரசீது அனுப்பிட்டோம் சார்" என்பவர் உங்கள் பெயரைத் தாக்கல் செய்யப் போவதில்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. "நூறு சதவீத வரிவிலக்கு" என்று போனில் சொல்வதும் பெரும்பாலும் பொய்தான். தனியார் அறக்கட்டளைகளுக்குப் பொதுவாக 50 சதவீதம்தான், அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு.

டெலிகாலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி பதிவு பெற்ற டிரஸ்டுகளிலும் சில, நிதி திரட்டும் வேலையைக் கமிஷனுக்கு விட்டுவிடுகின்றன. கொண்டுவரும் தொகையில் ஒரு பங்கு அழைப்பவருக்கு. அங்கே பேசுகிறவருக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது, ஒரே குழந்தையின் படம் மாதக்கணக்கில் சுற்றும். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லாமலே உங்கள் பணத்தின் பெரும் பகுதி குழந்தையைச் சேராமல் போகலாம். "உங்களுக்குச் சம்பளமா, கமிஷனா?" என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல நிறுவனத்தின் ஊழியர் தயங்காமல் பதில் சொல்வார்.

அடுத்தது மருத்துவமனை. இதைச் செய்யத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள், பலன் அதிகம் தருவதும் இதுதான். அழைத்தவர் அனுப்பிய தாளில் உள்ள எண்ணை விட்டுவிடுங்கள். மருத்துவமனையின் சொந்த இணையதளத்தில் உள்ள பொது எண்ணை அழைத்து, பில்லிங் பிரிவுக்கோ மருத்துவ சமூகப் பணியாளருக்கோ இணைப்பு கேளுங்கள். "இந்த ஐ.பி. நம்பருக்கு, இந்த நோயாளி பெயரில், வெளியிலிருந்து நேரடியாகப் பணம் கட்டலாமா?" என்பது மட்டும்தான் கேள்வி. நோய் விவரத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் கட்ட முடியுமா முடியாதா என்று சொல்வார்கள். முடியும் என்றால் மருத்துவமனையின் கணக்குக்கே அனுப்பி, நோயாளியின் பெயரில் ரசீது வாங்குங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. முன்பணமாகக் கட்டியது பில்லுக்கு மேல் போனாலோ ஆபரேஷன் ரத்தானாலோ மீதி குடும்பத்திடம் திரும்பிப் போகும். பெருந்தொகை தருகிறவர்கள் இடைக்கால பில் வந்தபின் அந்தப் பாக்கிக்கு எதிராகக் கட்டுவது நல்லது.

எஸ்டிமேட் தாளில் தேதி, நோயாளி எண், என்ன சிகிச்சை, மருத்துவரின் பெயரும் பதிவெண்ணும், முத்திரை இருக்க வேண்டும். திருத்தப்பட்டவற்றில் தொகை வரியின் எழுத்துரு மற்ற வரிகளோடு சேராது, அல்லது தேதி இருக்கும் மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். குழந்தையின் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே முகம் வேறு பெயரில், வேறு மாநிலத்தில், வேறு நோயோடு கிடைப்பது உண்டு.

தமிழ்நாட்டில் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்தார்களா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டைக்குப் பதியலாம். குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுக்கு, 18 வயது வரையிலான தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் வழியும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) என்ற பிரிவில் விசாரிக்க வேண்டும். உண்மையிலேயே தவிக்கும் குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றியோடு பிடித்துக்கொள்ளும், "கிளெயிம் போட்டோம், இந்தக் காரணத்துக்காக மறுத்துட்டாங்க" என்று விவரம் சொல்லும். மோசடிக்காரருக்கு அதில் அக்கறை இருக்காது. ஒரு குடும்பத்தோடு அரை நாள் அலைந்து அந்த அட்டையை வாங்கித் தருவது, நீங்கள் அனுப்ப நினைத்த ஐயாயிரத்தைவிடப் பெரிய உதவி.

கிரவுட்ஃபண்டிங், அதாவது இணையதளம் வழியே பலரிடம் நிதி திரட்டும் போஸ்டர்களில் நடக்கும் திருட்டு வேறு வகை. உண்மையான கோரிக்கையின் போஸ்டரை எடுத்து, அதிலுள்ள கியூஆர் கோடு மேல் தன் கியூஆர் கோடு ஒன்றை ஒட்டி மறுபடி பரப்பிவிடுகிறார்கள். படம், கதை, ஆவணம் அனைத்தும் அசல். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கான பல கோடி ரூபாய் மரபணு மருந்துக்குப் பெற்றோர் பணம் திரட்டும்போது ஊரே பகிர்கிறது, அந்த வேகம்தான் இவர்களுக்கு வசதி. வாட்ஸ்அப்பில் வந்த கியூஆர் கோடு எதையும் ஸ்கேன் செய்யாமல், அந்தத் தளத்தை நீங்களே திறந்து, குழந்தையின் பெயரால் தேடி, அங்கேயே செலுத்துங்கள். கடைசியாக எப்போது தகவல் புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள், முடிந்துபோன கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கான டிப் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கலாம், வேண்டாமென்றால் பூஜ்யமாக்கலாம். தனிநபருக்குப் போகும் உதவிக்கு 80ஜி கிடையாது.

பேரிடர் நேரத்தில் ஏமாற்ற ஒரே ஓர் எழுத்து போதும். 2020 மார்ச்சில் பிரதமரின் நிதிக்கான யுபிஐ முகவரியில் பிஎம்கேர்ஸ் என்று இருந்தது. கடைசி எஸ் மட்டும் இல்லாமல் போலி முகவரி உடனே முளைத்தது, டெல்லி போலீசார் எச்சரித்து முடக்க வைத்தார்கள். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்புவதானாலும் அரசின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். பொருளாகக் கொடுப்பவர்கள், கேட்ட பொருளை மட்டும் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவியலாய்க் கிடந்தன. அவற்றை அள்ள ஆள் தேட வேண்டியிருந்தது.

குழந்தைகள் இல்லங்களில் பிறந்தநாள் சாப்பாடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவின்படி எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டும் உறுதி செய்யலாம். பிள்ளைகளின் முகத்தை முகநூலில் வரிசையாகப் போட்டுப் பணம் கேட்கும் இல்லத்துக்குப் போக வேண்டாம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. அங்கே தவறாக ஏதேனும் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். கொடுக்க முடிவு செய்தபின் ரொக்கமாகத் தராமல், மளிகைக் கடை பாக்கி, கேஸ் பில், பள்ளிக் கட்டணம் என்று நேராகக் கட்டினால் எங்கே போனது என்பது தெளிவாக இருக்கும். முதியோர் இல்லங்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சிங்கப்பூர், கனடா என்று வெளியே இருப்பவர்கள் கவனத்துக்கு: இந்தியக் குடியுரிமையை விடாதவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர் உட்பட, தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே பெறலாம். 2020 திருத்தத்துக்குப் பின், அதுவும் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். "எங்க ஊர்க் கிளைக் கணக்குக்கே போடுங்க அண்ணா" என்று உங்களிடம் சொல்கிறவர் ஒன்று விவரம் அறியாதவர், அல்லது விதியை மீறத் துணிந்தவர்.

பணம் போய்விட்டதென்றால் நேரம்தான் முக்கியம். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், பெற்றவரின் யுபிஐ முகவரி கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, ஒரு நாள் கழித்துச் சொன்னால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, புகார் எண்ணோடு உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்யும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யார் பெயரைப் பயன்படுத்தினார்களோ அந்த டிரஸ்டுக்கும் மருத்துவமனைக்கும் தெரிவியுங்கள், அவர்கள் தரப்புப் புகாரும் வழக்குக்கு உதவும்.

அடுத்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரலாம். சைபர் பிரிவு, ரிசர்வ் வங்கி, வழக்கறிஞர் என்று ஏதாவது சொல்லி, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகப் பேசுவார்கள். முதலில் "பிராசஸிங் கட்டணம்" கேட்பார்கள், அல்லது உங்கள் போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன என்பதால் வரும் அழைப்பு இது. போலீசும் வங்கியும் பணத்தைத் திருப்பித் தரக் கட்டணம் கேட்பதில்லை, திரையைப் பகிரவும் சொல்வதில்லை. அந்த எண்ணையும் 1930இல் அதே புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.