பழைய செயின் சா வாங்கப் போகிறீர்களா? 18,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய மரம் அறுக்கும் மிஷின் வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் 18,000 ரூபாய் கொடுத்து நான் ஒரு மிஷின் வாங்கினேன். பணம் போனது வருத்தம்தான். ஆனால் அந்த மிஷினால் என் அண்ணன் மகனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது தோப்பு படுத்துக் கிடந்தது. நின்ற மரத்தை எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் டெல்டா முழுக்க அலைந்த காலம் அது. வெளியூரிலிருந்து மிஷினோடு வந்தவர்கள்தான் கை கொடுத்தார்கள். அப்படி வந்த ஒரு பெரியவரிடம் இருந்தது ஸ்டில் 070. கனத்த சத்தம். எவ்வளவு பருத்த அடிமரமாக இருந்தாலும் திணறாமல் இறங்கியது. அன்றிலிருந்தே அதேபோல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 070 என்பது ஸ்டில் என்ற ஜெர்மன் கம்பெனி 1968-ல் கொண்டுவந்த மாடல். 106 சிசி. நாம் ஓட்டும் 100 சிசி பைக் இன்ஜினைவிடப் பெரிய இன்ஜினைக் கையில் தூக்கிக்கொண்டு வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அடிமரங்களைப் பலகையாகக் கிழிப்பவர்கள் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இந்தத் தேவை இருப்பதால்தான் இதே வடிவத்தில் சீன நகல்களும் சந்தையில் நிறைய கிடைக்கின்றன. பழைய மிஷினைப் பெயின்ட் அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் போட்டோ பார்த்தேன். ‘ஒரிஜினல் ஜெர்மன், ஒரே ஓனர், சிங்கிள் ஸ்டார்ட்’ என்று போட்டிருந்தது. விலை 22,000. போனில் பேசியபோது விற்பவர் நிதானமாகப் பேசினார். “வாங்க தம்பி, ஓட்டிப் பாத்துட்டு எடுங்க. பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

புதுக்கோட்டை தாண்டி ஒரு கொட்டகை. வேப்பங்கட்டை ஒன்றின் மேல் மிஷின் இருந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ தலையின் வெட்டுக்குள்கூடப் பெயின்ட். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஸ்க்ரூவுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றால், கழற்றித் துடைத்துப் பார்த்துச் செய்த வேலை இல்லை, மேலோடு பூசிய வேலை.

அவரே கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. “ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சு தம்பி, அதான் புகை. ரெண்டு நிமிஷத்துல போயிரும்” என்றார். பக்கத்தில் கிடந்த சவுக்குக் கட்டையில் இரண்டு வெட்டு போட்டுக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. மூன்றாவது வெட்டுக்கு நான் வாங்கிப் பிடித்தேன். பாதியில் நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். பெட்ரோல் இல்லை. “காட்டுறதுக்குத்தானே ஊத்துனேன், தீந்துருச்சு” என்றார். சரி என்று விலை பேசினேன். 18,000-க்கு முடிந்தது. ரசீது கேட்கவில்லை.

டேங்கில் நான்கு நிமிடத்துக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றி வைப்பதுதான் வித்தையே என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் தோப்பில் வைத்து இழுத்தேன். இருபது இழுப்புக்கு மேல் ஆனது. கிளம்பியபின் ஒரு மாதிரி ஓடியது, ஆனால் ஐட்லிங் ஒரே சீராக நிற்கவில்லை. தானாக ஏறும், தானாக இறங்கும். பத்து நிமிடம் அறுத்திருப்பேன். சத்தம் மெலிந்து, மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன்பிறகு எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. கயிறு கைக்கு இலகுவாக வந்தது, உள்ளே எதிர்ப்பே இல்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு இழுத்தால் மறுபடி கிளம்பியது. மறுபடி பத்து நிமிடம். இரண்டு நாள் இப்படியே போனது.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் அது நடந்தது. வேலியோரம் ஒரு வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. நான் கிளையை அறுக்கிறேன், அண்ணன் மகன் ஒரு எட்டு தள்ளி நின்று கிளையைப் பிடித்திருக்கிறான். தழைக்குப் பின்னால் இன்னொரு கொம்பு இருந்ததை நான் பார்க்கவில்லை. பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி, அதுவும் மேல்பக்கம், அந்தக் கொம்பில் பட்டது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. மிஷின் மொத்தமும் எகிறி என் முகத்தை நோக்கி வந்தது. இடது கை நழுவவில்லை, அதனால் தோளுக்கு மேலே போய் நின்றது. செயின் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டின் ஓரம் கிழிந்து தொங்கியது. துண்டு மட்டும்தான். அவன் ஒன்றும் பேசாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்படி எகிறுவதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். நுனியின் மேல் கால்வாசிப் பகுதி எதில் பட்டாலும் வரும், புது மிஷினிலும் வரும். ஆனால் இப்போது வரும் மிஷின்களில் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு இருக்கும். எகிறும்போது அது முன்னால் தள்ளப்பட்டு செயினை அந்த நொடியே நிறுத்திவிடும். இந்தச் செயின் பிரேக் 1970-களில்தான் வரத் தொடங்கியது. 1968 மாடலில் அதை எதிர்பார்க்க முடியாது. அறுந்த செயின் கையில் அடிக்காமல் தடுக்கும் கொக்கியும் என் மிஷினில் இல்லை. விற்றவர் இதில் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணத்தைவிட இதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

மறுநாள் பட்டுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மிஷினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை. சைலன்சரைக் கழற்றினார். உள்ளே கரியோடு பிசுபிசுவென்று எண்ணெய். விரலில் தொட்டு மோந்து பார்த்தார். “பிளக் ஓட்டை வழியா கெட்டியான ஆயில் ஊத்தியிருக்கானுங்க தம்பி” என்றார். தேய்ந்த பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அந்த எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருப்பதுபோல் காட்டும், மூன்று இழுப்பில் பிடிக்கும். எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். கொட்டகையில் நான் பார்த்த வெள்ளைப் புகை அதுதான்.

பிறகு சைலன்சர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். நல்ல பிஸ்டனில் கடைசல் போட்ட மெல்லிய கோடுகள் குறுக்காக வளையம் வளையமாகத் தெரியும். இதில் மேலிருந்து கீழாகக் கீறல். சீமெண்ணெய்யில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, “நகத்தை வச்சுப் பாருங்க” என்றார். நகம் கீறலில் மாட்டி மாட்டி நின்றது. கீறலின் மேலேயே சாய்வாக உப்புத்தாள் தேய்த்த தடமும் இருந்தது. ஒரு முறை சூட்டில் இறுகி நின்றுபோன இன்ஜினைத் திறந்து, தேய்த்துவிட்டு, பிஸ்டனை மாற்றாமல் அப்படியே மூடியிருக்கிறார்கள்.

கம்ப்ரஷன் அளக்கும் கேஜ் வைத்து ஐந்தாறு முறை இழுத்ததில் 85 பிஎஸ்ஐ. 120-க்குக் கீழே இருந்தாலே யோசிக்க வேண்டும், 100-க்குக் கீழே வாங்கவே கூடாது என்றார். ஐட்லிங் ஏறி இறங்கியதற்குக் காரணம் கிராங்க் சீல், அதாவது இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம். ரப்பர் காய்ந்து போய் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று அதிகமானால் பெட்ரோலோடு வரும் ஆயில் போதாது, இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடும். அந்தக் காற்றுக் கசிவை மறைக்க பெட்ரோல் அதிகம் வரும்படி கார்புரேட்டர் ஸ்க்ரூவை நன்றாகத் திறந்துவிட்டு வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்தான் என்று எனக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. அவர் பார் போல்ட் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே சாம்பல் நிறப் பட்டி. பட்டிக்கு அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். கிராங்க்கேஸ் என்ற அந்த இன்ஜின் கூடு மக்னீசியக் கலவை, சாதாரண வெல்டிங் அதில் நிற்காது. வரிசை எண் இருக்க வேண்டிய இடம் கிரைண்டரால் தேய்க்கப்பட்டிருந்தது. எண்ணை எதற்கு அழித்தார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. திருட்டு மிஷினாக இருந்து, நாளை யாராவது வந்து கேட்டால் என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். “ஓட்டிப் பாத்துத்தானே தம்பி எடுத்தீங்க?” என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை. நேரில் போனேன், கொட்டகை பூட்டியிருந்தது.

நீங்கள் வாங்கப் போனால் ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை உங்கள் கேனில் அரை லிட்டர் கொண்டுபோங்கள். பழைய மிஷினுக்குச் சாதாரண 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) என்றால் லிட்டருக்கு 40 மில்லி கலப்பார்கள். அதை ஊற்றி, உங்கள் கையால் இழுத்து, பதினைந்து நிமிடம் நிஜமான கட்டையை அறுங்கள். சூடாக இருக்கும்போதே நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி இழுங்கள். தேய்ந்த இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஏமாற்றும், சூட்டில் ஏமாற்ற முடியாது. பிறகு சைலன்சரைக் கழற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். இரண்டு மூன்று போல்ட், பத்து நிமிட வேலை. நல்ல மிஷின் வைத்திருப்பவர் தயங்கவே மாட்டார். தயங்கினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

கேஜ் இல்லையென்றால் எங்கள் மெக்கானிக் அண்ணன் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தரைக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிடுங்கள். நல்ல இன்ஜின் என்றால் தொங்கி நிற்கும், விட்டு விட்டுத்தான் இறங்கும். என்னுடையது சரசரவென்று தரைக்கு வந்துவிட்டது. இது ஓர் ஊகத்துக்குத்தான், கேஜுக்கு ஈடாகாது.

பழைய மிஷினே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிஸ்டன் சுத்தமாக இருந்து, கிராங்க்கேஸ் முழுதாக இருந்து, எண்ணும் இருந்தால், காய்ந்த சீலையும் பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டலாம். குழாயையும் டயாஃப்ரத்தையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. பிஸ்டன் போயிருந்தால் நகல் சிலிண்டர் கிட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஆசை காட்டுவார்கள். போர்ட் (சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போகும் ஓட்டை) ஓரங்களைச் சரியாக மழுக்காத கிட்டில் பிஸ்டன் ரிங் மாட்டி உடைகிறது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார், உடைந்த துண்டுகளையும் காட்டினார்.

ஆனால் தோப்பு வைத்திருப்பவருக்கு 070 எதற்கு என்று இப்போது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. பாரும் செயினும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல். அரை மணி நேரத்தில் விரல் மரத்துப் போகிறது. தென்னையின் வெளிவட்டம் கடினம், எந்த மிஷினாக இருந்தாலும் செயின் பல் சீக்கிரம் மழுங்கும். அங்கே உதவுவது பெரிய இன்ஜின் இல்லை, அடிக்கடி போடும் அரம்தான். செயின் பிரேக் உள்ள 50, 60 சிசி மிஷின் எங்கள் வேலைக்குப் போதும். அதைத்தான் இப்போது வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன்.

நேற்று ராத்திரி அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே வேப்பங்கட்டை, அதே கொட்டகைச் சுவர், மேலே பளபளவென்று இன்னொரு 070. ‘ஒரே ஓனர், சிங்கிள் ஸ்டார்ட்’. விலை 24,000. ஆப்பில் புகார் கொடுத்திருக்கிறேன், விளம்பரத்தை இதுவரை எடுக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால் கேனில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு போங்கள். பார் போல்ட் பக்கத்துப் பெயின்ட்டை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்.