பழைய டியூனரா, டெக்சன் ரேடியோவா?

வீட்டில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கின்றன, எஃப்எம் மட்டும் நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் என் கணக்கில் இரண்டே வழி. ஒன்று, முள் நகரும் பழைய அனலாக் டியூனர், அதாவது நிலையத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி: பயனியர், சான்சுய், யமஹா. இன்னொன்று, டெக்சன் பிஎல்-380 மாதிரி சின்ன டிஎஸ்பி ரேடியோ, அதாவது சிக்னலைச் சிப்பிலேயே டிஜிட்டலாக அலசும் ரேடியோ. அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போதும்.

காதுக்கு இதம் பழைய டியூனர்தான். கனமான குமிழைத் திருப்பும்போது முள் வழுக்கிக்கொண்டு போகும். சென்னை ரெயின்போவின் 101.4-ல் மீட்டர் முள் நடுவில் வந்து நின்றதும், வயலின் தந்தியில் வில் உரசுவதுகூடக் கேட்கும்.

ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். ஜப்பான் உள்ளூருக்காகச் செய்த பழைய டியூனர் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும்; நம் தனியார் நிலையங்களோ 91-க்கு மேலே. அமெரிக்க டிஜிட்டல் டியூனர்களில் பல 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவித் தாவிப் போகும், அதுவும் ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும். அப்படி ஒன்றை விவரம் தெரியாமல் வாங்கிவிட்டேன். மிர்ச்சியின் 98.3 கணீரென்று வந்தது, 101.4-லும் ஹலோவின் 106.4-லும் கடைசிவரை உட்காரவே இல்லை. முள் வைத்த டியூனரில் இந்தத் தொல்லை கிடையாது. அமெரிக்கச் சரக்குக்கு 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் செலவும் உண்டு.

டெக்சனின் பலம் வேறு. அருகருகே நெருக்கும் நிலையங்களைச் சுத்தமாகப் பிரித்துவிடும். சிக்னல் வலிமையைத் திரையில் எண்ணாகக் காட்டுவதால், ஆன்டெனாவை எந்த ஜன்னலுக்கு நகர்த்தலாம் என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். சார்ஜரைச் செருகினால் இரைச்சல் ஏறக்கூடும்; மூன்று பென்சில் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

எதை வாங்கினாலும் ஆன்டெனாவுக்குத்தான் முதல் மரியாதை. பழைய டியூனருக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் 'டி' வடிவ வயர் ஆன்டெனாவைத் திரைச்சீலைக் கம்பிக்கு மேலே சுவரில் ஒட்டினாலே பாதி இரைச்சல் போய்விடும். தெற்கே தூரத்து ஊரிலிருந்து கோடை எஃப்எம்மின் 100.5-ஐப் பிடிப்பவர்கள் அதைக் கொடைக்கானல் மலையைப் பார்க்க விரித்து வைக்கட்டும். அப்புறமும் இரைந்தால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவுக்கு மாற்றுங்கள், குரல் தெளிந்துவிடும்.

சென்னை, மதுரை மாதிரி நிலையம் பக்கத்திலேயே இருக்கும் ஊர் என்றால் பழைய டியூனர். தூரத்து நிலையம்தான் வேண்டும், பழுது பார்க்க ஆளும் கிடையாது என்றால் டெக்சன். பழையதை வாங்கப் போனால், பணம் கொடுக்கும் முன் 88-லிருந்து 108 வரை ஒருமுறை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முள்ளை இழுக்கும் நூல் வழுக்குகிறதா, ஸ்டீரியோ விளக்கு எரிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.