பழைய வேனுக்கு எந்த ரிப்பேர் மேனுவல்? ஒன்பது வருடம் புரட்டிய பிறகு எழுதுகிறேன்

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் டி3 வேன், 1985 மாடல். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். ஒன்பது வருடமாக அதன் வேலையில் பெரும்பகுதியை நானே செய்கிறேன். இதுவரை மூன்று மேனுவல்கள் வாங்கினேன். முதலாவது வீண், மற்ற இரண்டையும் இன்றும் புரட்டுகிறேன்.

முதலாவதை அட்டையில் இருந்த வேன் படத்தையும் வருடங்களையும் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே முழுக்கக் காற்றால் குளிரும் எஞ்சின். என்னுடையது தண்ணீரால் குளிர்வது. 1979-இல் டி3 வந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை. அப்புறம் டீசல் வந்தது, அதன்பின் 1.9 லிட்டர் தண்ணீர் எஞ்சின், 1985 வாக்கில் 2.1 லிட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பெட்டிதான். உள்ளே வேறு வேறு வண்டிகள். அதனால் வருடத்தை நம்பாதீர்கள், எஞ்சின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். என்னுடையதில் டி.ஜி. என்று இருக்கிறது, கார்புரேட்டர் வைத்த 1.9. அந்த இரண்டு எழுத்து மேனுவலின் முதல் பக்கங்களில் இல்லையென்றால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். இன்னொன்று, இந்த கம்பெனியின் மாடல் வருடம் முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 1984 அக்டோபரில் தயாரான வண்டியும் 1985 மாடல்தான். உதிரிபாகம் வாங்கும்போதும் வயரிங் படம் பார்க்கும்போதும் இது உதவும்.

இரண்டாவது மேனுவல், வண்டியைப் பிரித்து மறுபடி மாட்டிப் பார்த்து வீட்டில் வேலை செய்பவர்களுக்காக எழுதியது. மூன்றாவது, கம்பெனி தன் ஒர்க்‌ஷாப்களுக்குக் கொடுத்த தகவல்களை வைத்துத் தொகுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், மாற்றிய அன்றுதான் எனக்குப் புரிந்தது. இந்த வேனில் கூலன்ட் குழாய்கள் அடிப்பகுதி வழியே வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகின்றன. ஊற்றி மூடினால் போதாது. காற்று உள்ளே சிக்கி எஞ்சின் கொதிக்கும். இரண்டாவது புத்தகம் "ஊற்றி, ஏர் எடுக்கவும்" என்ற அளவில் நின்றுவிட்டது. மூன்றாவதில் முழு வழியும் இருந்தது: முன்பக்கத்தைத் தூக்கு, ஹீட்டரை முழுதாகத் திற, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிடு, ரேடியேட்டரின் மேலே உள்ள திருகைத் திற, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை பின்னால் ஊற்றிக்கொண்டே இரு. அன்று இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன். வெப்ப முள் நடுவில் நின்றது. அந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் மூன்றாவது புத்தகம், படிப்பவரை மெக்கானிக் என்றே எடுத்துக்கொள்கிறது. பிரேக் வேலையில் "டிரம்மைக் கழற்றவும்" என்று ஒரே வரி. துருப்பிடித்து வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லாது. அங்கே இரண்டாவதுதான் கை கொடுக்கிறது. அதில் இருப்பவை அழுக்குக் கையோடு எடுத்த போட்டோக்கள், எந்தப் பக்கம் நெம்புவது என்பதுவரை காட்டும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், புதிதாகக் கையில் ஸ்பேனர் எடுப்பவருக்கு இரண்டாவதைச் சொல்வேன். அளவுகளை மட்டும் வேறொரு இடத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு என்றதும் டார்க் பட்டியல், அதாவது எந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது என்ற பட்டியல், நினைவுக்கு வருகிறது. இந்த வேனின் வீல் நட்டுக்கு 180 நியூட்டன் மீட்டர். அதையே பவுண்டு அடியில் சொன்னால் சுமார் 133. அலகு போடாமல் எண்ணை மட்டும் அச்சடித்த மேனுவலை நான் தொடமாட்டேன். ஒரு எண்ணைத் தப்பான அலகில் படித்தால் போல்ட் முறியும், அல்லது சக்கரம் தளரும்.

வயரிங் படத்துக்காகவே ஒரு புத்தகத்தை வாங்கலாம் என்பேன். ஜெர்மன் வண்டிகளில் முனைகளுக்கு எண் உண்டு: 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 15 என்றால் சாவி போட்ட பிறகு வருவது, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். இதை விளக்காமல் கோடுகளை மட்டும் குட்டியாக அச்சிட்ட படம் யாருக்கும் பயன்படாது. ஸ்கேன் செய்த மலிவுப் பிரதிகளில் வயரின் நிற எழுத்துகளே அழிந்துபோயிருக்கும்.

வாங்கும் முன் நான் இப்போது செய்வது இதுதான். என் வண்டியில் கஷ்டமான வேலை எது என்று எனக்குத் தெரியும், கூலன்டும் சிலிண்டர் ஹெட்டும் (சிலிண்டர்களை மூடும் பகுதி). அந்த இரண்டு பக்கங்களை மட்டும் முதலில் படிக்கிறேன். ஆயில் மாற்றும் பக்கம் எல்லா மேனுவலிலும் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவது புத்தகத்தின் ஓரங்களில் இப்போது என் பென்சில் குறிப்புகள் நிறைய. பாஸ்பேட் இல்லாத கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்று ஹெட் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், அலுமினிய ஹெட்டை அரிக்காமல் இருக்க. வண்டியை விற்க நேர்ந்தால் அந்தப் புத்தகமும் கூடவே போகும்.