பச்சை டிக் போட்டுச்சு, அர்த்தம் தலைகீழ்

ஆறு மாசமா ஒரு இங்கிலீஷ் கிராமர் ஆப் காசு கட்டி யூஸ் பண்றேன், பேர் வேணாம். ஸ்பெல்லிங், கமா எல்லாம் நல்லாவே பிடிக்குது. ‘ஹீ ஈஸ் பயஸ்’னு அடிச்சா உடனே சிவப்புக்கோடு, ‘பயஸ்டு’ன்னு மாத்தச் சொல்லும், பயஸ்ங்கறது ஒரு பக்கமா சாயற அந்தச் சாய்வோட பேரு, ஆளச் சொல்லணும்னா பயஸ்டுன்னு ஒரு வரி விளக்கமும் தரும். நிறைய பேர் பண்ற தப்பு இது, அதுக்கு ஃபுல் மார்க்.

நான் மாட்டினது அடுத்த வார்த்தையில. ஆபீஸ்ல ரெண்டு டிசைன் வந்துச்சு, ரெண்டாவது பண்ண ஆளோட எனக்கு பழைய உரசல் ஒண்ணு இருக்கு, அதனால எனக்கு அது பிடிக்கல ஆனா நான் நடுநிலையா பேசலன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டு நாகரிகமா ஒரு வரி போட்டேன், ‘ஐ ஆம் பயஸ்டு டுவர்ட்ஸ் தி செகண்ட் ஒன்’. ஆப் பச்சை டிக் போட்டுச்சு. மேனேஜர் “ஓ உங்களுக்கும் ரெண்டாவதா, அப்ப முடிச்சிடலாம்”னு ரிப்ளை போட்டப்புறம்தான் டிக்‌ஷனரிய திறந்தேன். டுவர்ட்ஸ்னா அந்தப் பக்கம் சாஞ்சிருக்கேன், அகைன்ஸ்ட்னாதான் எதிர்ப்பக்கம். இலக்கணத்துல ரெண்டுமே சரி, அதனால ஆப்ப குத்தம் சொல்லவும் முடியல, கடுப்பு மட்டும் குறையல.

காலேஜ்ல டயோடு, அதாவது கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடற பார்ட், படிச்சவங்களுக்கு ஈஸி: ஃபார்வர்டு பயஸ்னா கரண்ட் போகும், ரிவர்ஸ்னா நிக்கும். டுவர்ட்ஸ் ஃபார்வர்டு, அகைன்ஸ்ட் ரிவர்ஸ். அந்த லேப்ல தூங்காம இருந்திருக்கலாம்.

பயஸ்டுக்கு இதே அர்த்தம் தர்ற வேற வார்த்தைன்னு ஆப்ல தட்டினா பார்ஷியல், ப்ரெஜுடிஸ்டு, இன்க்ளைன்டு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கொட்டுது, அதுதான் பெரிய குறை. ‘பார்ஷியல் டு ப்ளூ’ன்னா நீலம்னா கொஞ்சம் ஆசை அதிகம், அவ்ளோதான், ஆனா ஒரு ரெஃப்ரிய பார்ஷியல்னு சொன்னா அவரு நேர்மை மேலயே கை வைக்கிறோம். ப்ரெஜுடிஸ்டு இன்னும் காரம், பெரும்பாலும் அகைன்ஸ்ட்தான் கூட வரும். இன்னும் முடிவு பண்ணல, மனசு அந்தப் பக்கம் போகுதுன்னா ‘லீனிங் டுவர்ட்ஸ்’ போதும், ஆபீஸ் மெயிலுக்கு அதுல வம்பு கம்மி. இதுல ஒண்ணு கூட ஆப் சொல்லல.

இன்னொரு கூத்து, டுவர்ட்ஸ்ல கடைசி எஸ்ஸ எடு எடுன்னு நச்சரிக்கும். பிரிட்டிஷ்ல எஸ் இருக்கும், அமெரிக்கால பெரும்பாலும் இருக்காது, செட்டிங்ஸ்ல மாத்தினப்புறம்தான் வாய மூடுச்சு. இப்ப பயஸ்டு யாருன்னு பாத்துக்கங்க.